மலைவீட்டுக்குக் கால் தையல் மெஷின்: பெயின்ட்டை விடுங்கள், கிராங்க்கைப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வாங்குகிறவர்களுக்கு நாங்கள் இன்றைக்கும் சொல்வது கறுப்புத் தலை, இரும்பு ஸ்டாண்டு, தோல் பெல்ட் வைத்த கால் மெஷின்தான். மலையில் தைக்க வருவது மெல்லிய வாயில் புடவை மட்டுமில்லை. ஜெர்கின் ஜிப் பிரிந்திருக்கும், கம்பளி ஓரம் நைந்திருக்கும், தோட்டத்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் தார்ப்பாயில் வார் பிய்ந்திருக்கும். பிளாஸ்டிக் உடம்பு வைத்த சின்ன கரண்ட் மெஷின் நாலு மடிப்புத் துணியில் ஊசியை இறக்க முடியாமல் திணறும் இடத்தில், இந்த இரும்புத் தலை நிதானமாக இறங்கி ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மரம் விழுந்து கரண்ட் போகிற நாட்களிலும் வேலை நிற்காது.

குறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஜிக்ஜாக் இல்லை, காஜா இல்லை. பனியன் துணி, லெக்கிங்ஸ் மாதிரி இழுபடும் துணியில் இதன் தையல் அறுந்துவிடும். பிள்ளைகளின் நைட் டிரஸ் தைப்பதுதான் முக்கிய வேலை என்றால் இது உங்களுக்கான மெஷின் இல்லை.

கடையில் காட்டுவது வேறு. தலையின் பளபளப்பு, தங்கப்பூ ஸ்டிக்கர், மேஜை மேலே ஒட்டிய மைக்கா, டிராயரின் கைப்பிடி. உஷா, சிங்கர், மெரிட், ரீட்டா என்று முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், சாதாரண கறுப்புத் தலையின் உள்ளே இருக்கும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சிங்கர் கொண்டுவந்த 15ஆம் வகுப்பு மெஷினின் வழிதான் எல்லாம். அதனால்தான் ஒரு கம்பெனியின் பாபினும் (அடி நூல் சுற்றும் உருளை) ஊசியும் இன்னொன்றுக்குப் பொருந்துகின்றன. மெஷின் இருபது வருஷம் உழைக்குமா, இரண்டு வருஷத்தில் லொடலொட என்று ஆகுமா என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் கிராங்க்குகள். அவை எங்கே இருக்கின்றன, எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கிராங்க் என்பது பெரிய ரகசியம் இல்லை. சுற்றுகிற அச்சின் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு முளை. அந்த முளையில் ஒரு தண்டு. அச்சு சுற்றினால் தண்டு போய்ப் போய் வரும். தண்டைத் தள்ளி இழுத்தால் அச்சு சுற்றும். முளை மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி இருந்தால் தண்டு 6 செ.மீ. தூரம் போய் வரும், அதாவது எப்போதும் இரண்டு மடங்கு. சைக்கிள் பெடல், கரும்புச் சாறு மெஷினின் கைச்சக்கரம், மோட்டார் பைக்கின் என்ஜின் எல்லாம் இதே கணக்கு. கால் மெஷினின் தனிச்சிறப்பு, இந்த வேலை இரண்டு திசையிலும் நடக்கிறது. கீழே காலின் ஆட்டம் சுற்றாக மாறுகிறது. மேலே அந்தச் சுற்று மறுபடி ஊசியின் ஆட்டமாக மாறுகிறது. நடுவில் ஒரு பெல்ட்.

கீழிருந்து பார்ப்போம். மிதியின் ஒரு பக்கத்திலிருந்து மேலே போகும் தண்டுக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் பிட்மன். பழைய ஸ்டாண்டுகளில் அது மரத்தில் இருக்கும், இப்போது இரும்புக் கம்பி. அதன் மேல்முனை பெரிய சக்கரத்தின் மையத்தை விட்டுத் தள்ளியிருக்கும் முளையில் மாட்டியிருக்கும். முதல் கிராங்க் இது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரையும் அழவைப்பதும் இதுதான். பிட்மன், முளை, சக்கரத்தின் மையம் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இடம் ஒரு சுற்றில் இரண்டு தடவை வரும், உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. அங்கே நின்றுவிட்டால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது, ஏனென்றால் அழுத்தம் முழுவதும் நேராக அச்சின் மேல்தான் போகிறது, சுற்றுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த இடத்துக்கு டெட் சென்டர் என்று பெயர். அங்கிருந்து மீட்பதற்குத்தான் தலையின் வலப்பக்கம் இருக்கும் கைச்சக்கரத்தைக் கையால் தட்டிவிடுகிறோம்.

இதைக் குழந்தைகளுக்குப் புரியவைக்க நீலகிரியில் அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளி வரும் நீராவி என்ஜினின் பக்கவாட்டில் தண்டுகள் ஓடுவதைப் பார்க்கலாம். இடப்பக்கக் கிராங்க்கும் வலப்பக்கக் கிராங்க்கும் கால் சுற்று தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் டெட் சென்டரில் நிற்கும்போது மறுபக்கம் முழுப் பலத்தோடு தள்ளும் நிலையில் இருக்கும். அதனால் எந்த இடத்தில் நின்றாலும் யாரும் சக்கரத்தைத் தட்டிவிடாமலே என்ஜின் கிளம்பும். நம் மெஷினில் காலால் தள்ளுவதற்கு இருப்பது ஒரே கிராங்க். சைக்கிளில் இரண்டு கிராங்க் இருந்தும் பயனில்லை, அரைச் சுற்று தள்ளி எதிரெதிராக இருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் டெட் சென்டருக்கு வருகின்றன. வண்டியின் ஓட்டம்தான் தாண்டிவிடுகிறது. தையல் மெஷினில் அந்த ஓட்டத்தைத் தருவது பெரிய சக்கரத்தின் எடை. ஆகையால் கனமான வார்ப்பிரும்புச் சக்கரம் இருக்கும் ஸ்டாண்டையே வாங்குங்கள். தூக்க எளிது என்று மெல்லிய சக்கரம் போட்ட ஸ்டாண்டை விற்பார்கள். அதில் ஒவ்வொரு சுற்றிலும் கால் திக்குவது தெரியும். மெதுவாகத் தைக்க வேண்டிய கழுத்துப் பட்டி, பாக்கெட் மூலை எல்லாம் அதில் கஷ்டம்.

கடையில் முதல் சோதனை இங்கேயே. பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பெரிய சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் மிதியின் முன்விளிம்பை மேலும் கீழும் ஆட்டுங்கள். புது மெஷினில் ஆட்டமே தெரியக்கூடாது. பழையதில் 3 மி.மீ. வரை இருந்தால் பிட்மனின் இரண்டு முனைகளையும் சரிசெய்து ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் முளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது என்று அர்த்தம். தைக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்; தண்டை மாற்றினாலும் சில வாரத்தில் சத்தம் திரும்பிவிடும். அடுத்து சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் பெல்ட் பள்ளத்தை விட்டு விழுந்துகொண்டே இருக்கும். பழைய ஸ்டாண்டில் இதைத் திருகை இறுக்கி, பூட்டு நட்டைப் போட்டுச் சரிசெய்யலாம். பேரிங் போட்ட ஸ்டாண்டில் பேரிங்கையே மாற்ற வேண்டும்.

பெரிய சக்கரம் ஒரு தடவை சுற்றினால் மேலே இருக்கும் கைச்சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணிவிடுங்கள். பெல்ட்டை மாட்டி, இரண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கையால் சுற்றினால் போதும். நாலுக்குப் பக்கத்தில் வந்தால் வீட்டு உபயோகத்துக்குச் சரி. கைச்சக்கரத்தின் ஒரு சுற்று என்பது ஒரு தையல். நிமிடத்துக்கு 100 மிதி மிதித்தால் 400 தையல். தையல் நீளம் இரண்டரை மி.மீ. வைத்தால் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் துணி ஓடும். வீட்டு வேலைக்கு இது தாராளம்.

இனி தலை. நிஜமான கிராங்க் ஷாஃப்ட் இதற்குள்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் இரண்டு மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊசிப் பக்கம் இருக்கும் முகத்தகடு ஒன்று. தலையின் பின்பக்கம், வலது தூணில் இருக்கும் வட்டத் தகடு இன்னொன்று. இரண்டுக்கும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றே போதும், ஐந்து நிமிட வேலை. கழற்ற மறுக்கிற கடையில் பழைய மெஷின் வாங்காதீர்கள்.

வட்டத் தகட்டுக்குள் பார்த்தால் கைச்சக்கரத்திலிருந்து ஊசிவரை கிடையாக ஓடும் மேல் அச்சு தெரியும். அந்த அச்சு ஒரு இடத்தில் வளைந்து விலகி மறுபடி நேராகும். மோட்டார் பைக் என்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும், அதே கிராங்க் ஷாஃப்ட், சின்ன உருவில். அந்த வளைவைக் கவ்வியபடி ஒரு கனெக்டிங் ராடு கீழே இறங்கும். கீழே இருக்கும் ஒரு அச்சை அது முழுதாகச் சுற்றவிடாமல் இப்படியும் அப்படியும் ஆட்டும். அந்த ஆட்டம்தான் ஷட்டிலை (மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு கோக்கும் கூர்முனைத் துண்டு) அரைச் சுற்றுக்குச் சற்று மேல் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறது. பாபினைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், ஷட்டில் பிறைபோல முன்னும் பின்னும் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பக்கத்திலேயே அச்சின் மேல் கோணலாக உட்கார்ந்த ஒரு வட்டும், அதைக் கவ்விய கவைக்கோலும் இருக்கும். துணியை நகர்த்தும் பல்லுக்கு ஆட்டம் அங்கிருந்து போகிறது. அந்த வட்டுக்கு எக்சென்ட்ரிக் என்று பெயர் சொன்னாலும் அதுவும் ஒரு கிராங்க்தான். அதன் முளை அச்சையே உள்ளே விழுங்கும் அளவுக்குப் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான். தையல் நீளத்தை மாற்றும் திருகு இந்தக் கவைக்கோலின் சாய்வைத்தான் மாற்றுகிறது.

முகத்தகட்டின் உள்ளே இன்னொரு கிராங்க். மேல் அச்சின் இடது முனையில் ஒரு சின்ன வட்டத் தட்டு, அதில் முளை, அதிலிருந்து ஒரு குட்டித் தண்டு, அது ஊசித்தண்டைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தையல் விழுவதும் விழாததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

ஊசி துணியைக் குத்தி அடிமட்டம் வரை இறங்குகிறது. நூல் ஊசியின் இரு பக்கமும் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. ஊசி திரும்பி இரண்டு மி.மீ.யைத் தாண்டி ஏறியதும், ஒரு பக்கத்து நூல் துணியில் உரசித் தங்கிவிடுவதால் கண்ணுக்கு மேலே ஒரு சின்ன வளையமாக உப்புகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த நொடியில் வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் தையல், தவறினால் விட்டுப்போன தையல். இவ்வளவு நுணுக்கமான வேலை காலால் ஓட்டும் இரும்பில் நிமிடத்துக்கு 400 தடவை தவறாமல் நடப்பதற்குக் காரணம் கிராங்க்கின் குணம். டெட் சென்டர் பக்கத்தில் கிராங்க் அசைவதே தெரியாத அளவுக்கு மெதுவாக நகரும். ஊசித்தண்டு மொத்தம் 30 மி.மீ. ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிமட்டத்திலிருந்து முதல் 2.2 மி.மீ. ஏற, அச்சு ஏறக்குறைய 31 டிகிரி சுற்ற வேண்டும். நடுவில் அதே 31 டிகிரியில் ஊசி 8 மி.மீ. பாய்ந்துவிடும். காலுக்குத் தொல்லை தரும் அதே டெட் சென்டர், ஊசி முனையில் வளையத்தைப் பிடிக்க அவகாசம் தருகிறது.

இதிலிருந்து அடுத்த சோதனை வருகிறது. கைச்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசித்தண்டை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். இரண்டு மி.மீ. கணக்கில் நடக்கும் வேலையில் அரை மி.மீ. தளர்வு என்பது கால் பங்கு. அவ்வளவு ஆட்டம் இருந்தால் மெல்லிய துணியில் தையல் வரும், ஜீன்ஸ் மடிப்பில் விட்டு விட்டுப் போகும். பிறகு தலையைச் சாய்த்து, கைச்சக்கரத்தைப் பிடித்தபடியே ஷட்டிலை ஆட்டும் அடி அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். அங்கேயும் லேசான உணர்வுக்கு மேல் இருக்கக் கூடாது. தளர்ந்த கனெக்டிங் ராட்டின் மூடியை அரத்தால் ராவி இறுக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். கை தேர்ந்தவர் செய்தால் சரியாகும். கொஞ்சம் அதிகம் ராவிவிட்டால் அச்சு இறுகி, மெஷின் முன்பைவிடக் கனத்துவிடும். அந்த வேலையைப் பணம் கொடுக்கும் முன் செய்யவைத்து, ஓட்டிப் பார்த்தபின் வாங்குங்கள்.

ஊசி உயரத்தை மட்டும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். புது ஊசி போட்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி, ஊசி அடிமட்டம் தொட்டுத் திரும்பி ஏறும்போது ஷட்டில் முனை ஊசியைச் சந்திக்கும் இடத்தில் நிறுத்துங்கள். முனை, ஊசிக் கண்ணின் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. மேலே இருக்க வேண்டும். கண்ணுக்கு நேராகவோ கீழேயோ இருந்தால், முகத்தகட்டுக்குள் ஊசித்தண்டைக் கவ்வியிருக்கும் திருகைத் தளர்த்தித் தண்டை அந்த அளவுக்கு நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். அதற்கு முன்னால் ஊசியே முழுதாக மேலே ஏறாமல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போகும் தையலுக்கு ஊசி சரியாக மாட்டாததும், வளைந்த ஊசியும், தட்டைப் பக்கம் ஷட்டில் முனை வரும் பக்கத்தைப் பார்க்காமல் திரும்பியிருப்பதும்தான் முதல் காரணம். இவற்றை ஒதுக்கிய பிறகே திருகில் கை வைக்க வேண்டும்.

துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது என்று பாபின் உட்காரும் டப்பாவின், அதாவது பாபின் கேஸின், திருகை இறுக்குகிறவர்கள் நிறைய. அடியில் நூல் சேர்ந்தால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில். நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் உட்கார்ந்திருக்காது, அல்லது ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கும் நூல் தூக்கியின் துளையில் கோத்திருக்க மாட்டீர்கள். இன்னொரு காரணம் மறுபடி கிராங்க் சம்பந்தப்பட்டது. டெட் சென்டரில் நின்ற மிதி, தட்டிவிடாமல் அழுத்தும்போது தவறான திசையில் புறப்பட்டுவிடும். ஒரே ஒரு பின்சுற்று போதும், நூல் ஷட்டிலுக்குள் சிக்கிவிடும். பழகுகிறவர்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மிதியை மட்டும் ஒரே திசையில் நிறுத்தாமல் ஓட்டப் பழகட்டும். அதன்பின் பெல்ட்டை மாட்டி நூல் கோக்காமல் காகிதத்தில் கோடு போட்டு ஓட்டட்டும். ஒரு பாதத்தைச் சற்று முன்னும் மறுபாதத்தைச் சற்றுப் பின்னும் வைத்து, முன்பாதத்தின் விரல்களும் பின்பாதத்தின் குதிகாலும் மாறி மாறி அழுத்தினால் ஓட்டம் சீராக வரும்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கு என்று தனியாகச் சில விஷயம் இருக்கிறது, கடையில் அதை யாரும் சொல்வதில்லை.

முதலாவது எண்ணெய். சமவெளியில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் பகல் வெயிலிலேயே அந்த அளவு வெப்பம் வராது. பாட்டிலில் எப்படிக் கட்டியாக நிற்கிறதோ அப்படியே மேல் அச்சின் துளைகளிலும் கனெக்டிங் ராட்டின் கழுத்திலும் நிற்கும். காலையில் மெஷின் இரும்பாய்க் கனக்கிறது, மத்தியானம் கொஞ்சம் இளகுகிறது என்றால் காரணம் இதுதான். நாளானதும் அது பிசினாகி அரக்கு மாதிரி பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள், தண்ணீர்போல மெல்லியதாக நிறமில்லாமல் இருக்கும். தினமும் தைத்தால் வாரம் ஒரு முறை, எப்போதாவது தைத்தால் மாதம் ஒரு முறை, துளைக்கு ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் அது துணிக்குத்தான் போகும். தலையின் மேலே இருக்கும் துளைகளுக்கு எல்லோரும் விடுகிறார்கள். தலையைச் சாய்த்து அடி அச்சுகளின் முனைகளுக்கும், பிட்மனின் இரு முனைகளுக்கும், பெரிய சக்கரத்தின் நடுவுக்கும் விட மறந்துவிடுகிறார்கள். அதிகம் உழைப்பதும் சீக்கிரம் தேய்வதும் அந்த இடங்களே.

ஏற்கெனவே பிசின் பிடித்த மெஷினாக இருந்தால் நூலையும் பாபினையும் எடுத்துவிட்டு, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கிவைத்து, எல்லாத் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பழுப்பாக ஒழுகி வருவதைப் பழந்துணியால் துடையுங்கள். சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்து, ஓர் இரவு உலரவிட்டு, பிறகு நல்ல எண்ணெய். குளிருக்குக் கும்முட்டி அடுப்பு வைத்திருக்கும் அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அடுத்தது துரு. மழை மாதங்களில் பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடும் ஊர்கள் இவை. மெஷினை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே நீர் கோத்து இரும்பில் வியர்க்கும். ஷட்டில் முனையிலும் பாபின் கேஸிலும் பொட்டுப்பொட்டாகத் துரு ஏறும். ஷட்டில் முனையில் ஒரு துருப்பொட்டு இருந்தால் போதும், நூல் பிய்ந்து பிய்ந்து அறும். பருத்தித் துணியால் மூடுங்கள், பழைய வேட்டி அருமை. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். கெட்டில் கொதிக்கும் சமையலறை வேண்டாம். தைத்து முடித்ததும் மெஷின் பாதத்தின் அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து, ஊசியை அதில் இறக்கிவிட்டால், வழியும் எண்ணெயைத் துணி குடித்துக்கொள்ளும், பல்லிலும் ஈரம் ஏறாது. ஜூனில் ஊருக்குப் போகிறவர்கள் ஷட்டிலையும் பாபின் கேஸையும் கழற்றி எண்ணெய் தடவிய துணியில் சுற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் போகலாம்.

மூன்றாவது பெல்ட். தோல் பெல்ட் ஈரத்தில் நீளும். நீண்ட பெல்ட் வழுக்கும், மிதி ஓடும், ஊசி நிற்கும். அதைப் பார்த்துத் தலையில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. போல உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் இணைப்புக் கம்பியைக் கழற்றி, 6 மி.மீ. மட்டும் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டுங்கள். ஒரே மூச்சில் ஒரு அங்குலம் வெட்டினால், ஜனவரி பிப்ரவரியின் வறண்ட குளிரில் அதே பெல்ட் இறுகி மேல் அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். இறுகிய பெல்ட் மிதியையும் கனக்கவைக்கும், அச்சைத் தாங்கும் வளையமான புஷ்ஷையும் ஒருபக்கமாகத் தேய்க்கும். பெல்ட்டில் எண்ணெய் படவே கூடாது. வாங்கும்போதே உபரியாக இரண்டு பெல்ட் வாங்கிவிடுங்கள்.

மரப்பலகைத் தரை உள்ள பழைய வீடுகளில் ஸ்டாண்டின் நாலு காலும் ஒன்றுபோலப் பதியாது. ஆடுகிற ஸ்டாண்டில் பிட்மன் கோணலாக இழுக்கும், முளை ஒருபக்கமாகத் தேயும். காலடியில் தடித்த ரப்பர் துண்டு வைத்துச் சமன் செய்வது ஒரு ரூபாய்ச் செலவில்லாத வேலை. மேஜைப் பலகை அழுத்திய தூள் பலகையாக இருந்தால் மலை ஈரத்தில் ஓரம் உப்பி, தலையைத் தாங்கும் கீல் திருகுகள் பிடிப்பை இழக்கும். கட்டைப் பலகையோ நல்ல பிளைவுட்டோ கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் கொடுத்தாலும் பரவாயில்லை.

கையால் சுற்றும் மெஷினையும் இதே கடைகளில் வைத்திருப்பார்கள். கைப்பிடியும் ஒரு கிராங்க், அதன் பின்னே பல்சக்கரம். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஊசி மூன்று தையல் போடும். மேஜை வேண்டாம், இடம் அடைக்காது, ஒரே அறை எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் வலக்கை கைப்பிடியில் மாட்டிக்கொள்வதால் துணியை இடக்கை ஒன்றாலேயே நடத்த வேண்டும். நேர்க்கோட்டுக்குச் சரி, ஜாக்கெட் கைக்குழி வளைவுக்குச் சிரமம். கால் மெஷினுக்கு மோட்டார் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், டெட் சென்டர் தொல்லை ஒழியும், முட்டி வலி உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. பெல்ட்டையும் மிதியையும் கழற்றி எறிந்துவிடாமல் வைத்திருங்கள், கரண்ட் இல்லாத நாளில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பஜாரில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் ஸ்டேப்ளர் அளவு கைத்தையல் மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுவது. கடைசி வளையத்தை முடிச்சுப் போடாமல் விட்டால் முனையைப் பிடித்து இழுத்ததும் சரசரவென்று முழுத் தையலும் உருவி வந்துவிடும். துணி தைக்க இதை வாங்க வேண்டாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பொம்மையாக வாங்கிக் கொடுத்தால் நல்ல பொம்மை. மூடியைத் திறந்தால் ஊசியை ஏற்றி இறக்கும் சின்ன பிளாஸ்டிக் கிராங்க் வெளிப்படையாகத் தெரியும். அதைப் பார்த்த கையோடு ஒரு அட்டைப் பெட்டியில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றைக் குறுக்கே செருகி, நடுவில் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு ‘ப’ வடிவில் வளைத்து, அந்த வளைவில் ஒரு தென்னங்குச்சியை நூலால் தளர்வாகக் கட்டி, குச்சியை மூடியின் துளை வழியே மேலே நீட்டி, நுனியில் காகிதக் குருவி ஒட்டினால், கம்பியைச் சுற்றச் சுற்றக் குருவி நாலு செ.மீ. ஏறி இறங்கும். துளை பெரிதானால் குருவி சாயும், சின்னதானால் குச்சி சிக்கும். முடிச்சு இறுகினால் குச்சி சுற்றிக்கொண்டு கம்பியோடு போய்விடும். கனெக்டிங் ராட்டை எவ்வளவு இறுக்கலாம் என்ற கேள்வி அந்த முடிச்சிலேயே இருக்கிறது.

புதுசா, பழசா? அடி அச்சு, ஊசித்தண்டு, பிட்மன் மூன்றிலும் ஆட்டமில்லாத பழைய தலை கிடைத்தால் எங்கள் ஓட்டு பழசுக்கே. கைச்சக்கரத்தை ஒரு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். சுற்று முழுவதும் ஒரே மாதிரி கனத்தால் பிசின், அதைக் கழுவிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் மட்டும் கனத்தால் அச்சு வளைந்திருக்கலாம் அல்லது ராடு இறுகியிருக்கலாம். அந்தத் தலையை விட்டுவிடுங்கள். புதுத் தலையின் விலையில் பாதிக்கு மேல் கேட்டாலும் பழசு வேண்டாம்.

வாங்கிய அன்றே கூடவே எடுத்துக்கொள்ள வேண்டியது 14, 16 எண் ஊசி ஒவ்வொரு பாக்கெட், ஜீன்ஸுக்கும் தார்ப்பாய்க்கும் 18, பாபின் ஆறு, ஒரு எண்ணெய் பாட்டில், பெல்ட் இரண்டு. கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ வாங்கி மலை ஏற்றுகிறவர்கள் தலையையும் ஸ்டாண்டையும் சேர்த்தே வண்டியில் வைத்துவிடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, கீல் திருகு இரண்டையும் தளர்த்தித் தலையை எடுத்துப் பழந்துணியில் சுற்றி, தரையில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மிதியைச் சக்கரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மலைப்பாதையில் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள், கட்டாத மிதி ஒவ்வொரு வளைவிலும் ஆடி பிட்மனை வளைத்துவிடும். வீட்டில் இறக்கி மாட்டியதும், நூல் கோக்கும் முன், கைச்சக்கரத்தை இருபது சுற்று உங்கள் பக்கமாகச் சுற்றி, கனம் எங்காவது மாறுகிறதா என்று விரலால் கேளுங்கள்.